மதுரை தெற்கு மாசி வீதி: ஆண்கள் துணிக்கடையில் சீரமைப்புக்கு முன் தள்ளுபடி, கல்யாணத்துக்கு எடுக்கலாமா?

வைகைக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். தெற்கு மாசி வீதியில் ஆண்களுக்கு மட்டும் துணி விற்கும் பழைய கடை ஒன்று இருக்கிறதே, அங்கே வாசல் முழுக்க பேனர் கட்டியிருக்கிறார்கள். மாசி மாதக் கடைசியில் கடையை மூடி உள்ளே எல்லாவற்றையும் மாற்றப் போகிறார்களாம். மர ராக்குகளையும் கவுண்டரையும் எடுத்துவிட்டு, நாமே எடுத்துப் பார்க்கிற மாதிரி ஸ்டாண்டு போடுவார்கள், லிஃப்ட் வருகிறது, பெரிய ட்ரையல் ரூம் வருகிறது என்று உள்ளே இருந்தவர் சொன்னார். அதுவரைக்கும் இருக்கிற சரக்கைத் தீர்க்கத் தள்ளுபடி. ரெடிமேட் சட்டைக்கு 50+20, பேண்டுக்கு ஒன்று வாங்கினால் ஒன்று, பிட் துணிக்கு (தைத்துக்கொள்ள வெட்டிக் கொடுக்கும் துணி) 40 சதவீதம், வேட்டிக்கு 20.

தம்பிக்கு வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு வெண்பட்டு வேட்டியும் வரவேற்புக்கு ஒரு கோட் சூட்டும் வேண்டும். அப்பா, பெரியப்பா, மாமாக்களுக்கு வேட்டி சட்டை. தம்பியின் கூட்டாளிகள் ஐந்து பேருக்கு ஒரே நிறத்தில் சட்டை எடுத்துக் கொடுக்க ஆசைப்படுகிறான். பட்ஜெட் இறுக்கம்தான். இந்த மாதிரி விற்பனையில் எதை நம்பி எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது? 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில் போடும் இடத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அது செல்லுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாண்டிபஜார்:
என் கருத்து, போக வேண்டாம். விலையை ஏற்றி ஸ்டிக்கர் ஒட்டி, பிறகு பாதி விலை என்பார்கள். 50+20 என்று போட்டால் பாதிப் பேர் 70 சதவீதம் என்றுதான் படிப்பார்கள். 1000 ரூபாய் சட்டை முதலில் 500 ஆகும், அந்த 500-இல் 20 சதவீதம் குறைந்தால் 400. அதாவது 60 சதவீதம்தான். மொபைலில் வாங்கினால் பிடிக்காததைத் திருப்பியாவது அனுப்பலாம். கல்யாண அவசரத்தில் கூட்டத்துக்குள் இடிபட்டு வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

பழைய கவுண்டர்:
பாண்டிபஜார் சொல்கிற ஏமாற்று நடக்கிற இடங்கள் உண்டு. ஆனால் எல்லாத் தள்ளுபடியும் ஒன்றல்ல. நான் பல வருடம் ஜவுளிக் கவுண்டரில் நின்றவன், சீரமைப்புக்காகக் கடை மூடியதை உள்ளேயிருந்து பார்த்திருக்கிறேன். ஆடித் தள்ளுபடிக்கு சரக்கு வரும். சீரமைப்புத் தள்ளுபடிக்கு சரக்கு போகும். இதுதான் வித்தியாசம்.

ஆடியில் கல்யாணம் கிடையாது, வியாபாரம் மந்தம், அதனால் கூட்டத்தை இழுக்க மில்லில் தனியாக ஆர்டர் போட்டே இறக்குவார்கள். கடையை இடித்துக் கட்டும்போது முதலாளிக்கு வேறு கவலை. டைல்ஸ் அறுக்கும் தூளும் சுவர் தேய்க்கும் பட்டித் தூளும் வெள்ளைத் துணியில் ஏறினால் போகாது. குடோனுக்கு மாற்றினால் வாடகை, ஏற்றுக்கூலி, எலி. புதுக்கடை திறக்கும் நாளில் பழைய டிசைனை மாட்ட மனசு வராது. போதாததற்கு ஆசாரிக்கும் எலெக்ட்ரீஷியனுக்கும் கையில் காசு வேண்டும். அதனால் அடக்க விலைக்குக் கீழே கூடக் கொடுப்பார்கள். கடைசியில் மிஞ்சுவதை லாட் வியாபாரி வந்து மொத்தமாகப் பேசி மூட்டை கட்டிக்கொண்டு போவார். அவர் கொடுக்கும் விலையைவிட நீங்கள் கொடுப்பது அதிகம் என்றால் கடைக்கு லாபம்தான்.

தைரியமாக எடுக்கக்கூடிய சாமான்: பிட் துணி, பருத்தி வேட்டி, பேண்ட். பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டியது: வெள்ளைச் சட்டை, ஸ்ட்ரெட்ச் ஜீன்ஸ். எடுக்கவே கூடாதது: பழைய ஸ்டாக் ஜட்டி, சாக்ஸ், ரெக்சின் பெல்ட், ஷூ. எலாஸ்டிக் பெட்டிக்குள் இருந்தே செத்துப்போகும். ஷூவின் பாலியூரித்தேன் அடிப்பாகம் போடாமல் வைத்திருந்தாலும் வருடங்கள் போகப் போக ஈரக்காற்றில் உதிர ஆரம்பிக்கும். பார்க்கப் புதுசாக இருக்கும், மண்டபத்தில் நாலு நடை நடந்தால் கையோடு வந்துவிடும்.

மல்லிகைப்பந்தல்:
வீட்டுக்காரருக்கும் இரண்டு பையன்களுக்கும் துணி எடுப்பது நான்தான், அதனால் சொல்கிறேன். போன வருடம் வேறொரு கடையில் இதே மாதிரி 'இடமாற்றத் தள்ளுபடி' என்று போட்டார்கள். சட்டை ஒன்று எடுத்தேன். வீட்டில் ஒரு தடவை அலசியதும் காலரில் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. எடுத்துக்கொண்டு போனால், தள்ளுபடி சரக்குக்கு எதுவும் கிடையாது என்று முகத்தைப் பார்க்காமலே சொன்னார்கள். இன்னொன்றையும் அங்கேதான் கவனித்தேன். விலை ஸ்டிக்கரின் மேல் இன்னொரு ஸ்டிக்கர். நகத்தால் கிளப்பிப் பார்த்தால் அடியில் குறைந்த விலை. 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் பதிந்த பிறகுதான் கடையிலிருந்து போன் வந்தது, பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். வைகைக்கரை, பில் இல்லாமல் ஒரு கர்ச்சீப் கூட வாங்காதீர்கள்.

கணக்குநோட்டு:
மல்லிகைப்பந்தல் அக்கா செய்தது சரியான வழி. 1915 என்பது தேசிய நுகர்வோர் உதவி எண். சட்டம் என்ன சொல்கிறது என்பதை விளக்கமாக எழுதுகிறேன்.

2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பில் கொடுக்காமல் இருப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அதில் முறையற்ற வணிக நடவடிக்கை. பில்லில் ஒரு கெடு போட்டிருந்தால் அந்தக் கெடுவுக்குள், எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணம் கொடுக்க வேண்டும். கவனியுங்கள், இது குறையுள்ள பொருளுக்கு. நிறம் பிடிக்கவில்லை, மாமாவுக்கு அளவு சரியில்லை என்றால் மாற்றிக் கொடுப்பது கடையின் விருப்பம். அதனால் சுவரில் எழுதியிருப்பதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், எதை வேண்டுமானாலும் மாற்றலாம் என்று நினைக்கவும் வேண்டாம். பில் போடும் முன்பே கேட்டு, அளவு மாற்றத்துக்குச் சம்மதித்தால் பில்லின் பின்னால் எழுதி வாங்கிவிடுங்கள். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடக் கட்டணமும் கிடையாது.

அடுத்தது ஜி.எஸ்.டி. வரி. 2025 செப்டம்பர் 22 முதல் தைத்த துணிக்கு ஒரு உருப்படி 2500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18. முன்னே 1000 ரூபாய் வரைதான் 5, மேலே 12 என்று இருந்தது. இங்கே பார்க்க வேண்டியது அட்டையில் இருக்கும் விலையை அல்ல, தள்ளுபடி போக பில்லில் நிற்கிற விலையை. 4,800 ரூபாய் கோட் பாதி விலையில் 2,400-க்கு வந்தால் அதற்கு 5 சதவீதம்தான். தானிலிருந்து (துணிச் சுருளிலிருந்து) வெட்டிக் கொடுக்கும் துணிக்கு விலை எவ்வளவானாலும் 5.

எம்.ஆர்.பி. என்பது எல்லா வரியும் சேர்ந்த விலை. அதில் தள்ளுபடி என்று விளம்பரம் செய்துவிட்டு, குறைந்த விலையின் மேல் தனியாக வரி போட்டால் கேளுங்கள். 40 சதவீதத் தள்ளுபடி என்று சொல்லி மேலே வாட் (ஜி.எஸ்.டி.க்கு முன் இருந்த விற்பனை வரி) வசூலித்த ஒரு வழக்கில், அது தவறு என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2017-இலேயே சொல்லிவிட்டது.

கடைக்காரர் ஏன் இவ்வளவு இறங்குகிறார் என்பதற்கும் கணக்கில் ஒரு காரணம் உண்டு. விற்காத சரக்கைக் கிழித்துப் போட்டாலோ சும்மா கொடுத்தாலோ, உள்ளீட்டு வரி வரவை, அதாவது சரக்கு வாங்கும்போது கட்டிய வரிக்காகத் தன் வரியில் கழித்துக்கொண்ட தொகையை, திருப்பிக் கட்ட வேண்டும். என்ன விலைக்காவது விற்றுவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. 'ஒன்று வாங்கினால் ஒன்று' கூட இலவசம் இல்லை, ஒரு விலைக்கு இரண்டு விற்பதாகத்தான் வரித்துறை எடுத்துக்கொள்ளும்.

காதர்பேட்டை:
திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் சர்ப்ளஸ் (ஏற்றுமதியில் மிஞ்சிய துணி), செகண்ட்ஸ் (சின்னக் குறையுள்ள துணி) வியாபாரத்தில் புழங்குகிறவன். வைகைக்கரை அண்ணே, கடையின் சொந்தப் பழைய சரக்கு எது, தள்ளுபடிக்கென்று வெளியிலிருந்து இறக்கியது எது என்று கண்டுபிடிப்பது சுலபம். அளவைப் பாருங்கள்.

ஒரு டிசைனில் சட்டை வாங்கும்போது கடைக்கு 38, 39, 40, 42, 44, 46 என்று செட்டாக வரும். 40-உம் 42-உம் முதலில் ஓடிவிடும். மிஞ்சுவது 38, 44, 46. இதைத்தான் கட் சைஸ் என்போம். உண்மையான தீர்வு விற்பனை என்றால் ராக்கில் அளவு உடைந்து கிடக்க வேண்டும், ஒரு டிசைனில் ஒன்றோ இரண்டோதான் இருக்க வேண்டும். ஒரே டிசைனில் எல்லா அளவும் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தால் அது இந்த விற்பனைக்காகவே வந்த சரக்கு. அதில் தள்ளுபடி என்று போட்டிருப்பது வெறும் எண். அந்த ராக்கைத் தாண்டிப் போய்விடுங்கள்.

உறையில், பெட்டியில் வரும் சட்டையில் பெரும்பாலும் தயாரித்த மாதமும் வருடமும் அச்சடித்திருக்கும். அதையும் திருப்பிப் பாருங்கள். ஒரு வருடம், ஒன்றரை வருடம் பழையது என்றால் சந்தோஷமாக எடுக்கலாம், அது கடை முழுக் காசு கொடுத்து வாங்கிய சரக்கு. கழுத்து லேபிளை வெட்டி எடுத்திருந்தால் அது எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ். கெட்டது என்று அர்த்தமில்லை, ஆனால் அதை எங்கள் ஊர் காதர்பேட்டையில் இன்னும் குறைவாக வாங்கலாம்.

இன்னொன்று, சட்டையின் 39, 40 என்ற எண் கழுத்துச் சுற்றின் சென்டிமீட்டர். கம்பெனிக்குக் கம்பெனி நெஞ்சளவு மாறும். அப்பா வழக்கமாகப் போடும் சட்டை ஒன்றைப் பையில் எடுத்துக்கொண்டு போய் மேலே வைத்துப் பாருங்கள்.

வைகைக்கரை:
பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. நேற்று மதியம் மாமாவைக் கூட்டிக்கொண்டு ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்தேன், இன்னும் எதுவும் வாங்கவில்லை. காதர்பேட்டை தம்பி சொன்னது கண் முன்னால் தெரிந்தது. கீழ்த்தளத்தில் நுழைந்ததும் இருக்கிற மேஜையில் ஒரே மாதிரிச் சட்டை எல்லா அளவிலும் குவிந்திருக்கிறது, கூட்டமும் அங்கேதான். முதல் மாடியில் சுவரோரம் இருக்கிற மர ராக்கில் அளவு உடைந்த சட்டைகள், நல்ல கம்பெனிகள், தைப்பும் நன்றாக இருக்கிறது, அங்கே ஆளே இல்லை.

சிக்கல் என்னவென்றால் ஐந்து பேருக்கு ஒரே நிறச் சட்டை ரெடிமேடில் கிடைக்கவே கிடைக்காது. ஒருவன் 38, ஒருவன் 46. ஆனால் பிட் பக்கம் வெளிர் பச்சையில் ஒரு தான் கிட்டத்தட்ட முழுசாக இருக்கிறது. எடுத்துத் தைத்துவிடலாமா? எத்தனை மீட்டர் வேண்டும்? கோட் சூட் ஒன்றும் தம்பிக்குப் பிடித்திருக்கிறது, தோள் மட்டும் கொஞ்சம் இறங்குகிறது. அதை ஆல்டர் செய்ய முடியுமா?

ஊசிமுனை:
தையல்காரன் நான். புது மண்டபத்தில் தைத்த குடும்பம், இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் இருக்கிறோம். திருமலை நாயக்கர் கட்டிய மண்டபத்தில் தூணுக்குத் தூண் மெஷின் போட்டிருந்த எங்களை இந்தக் கட்டடத்துக்கு மாற்றியபோது, இடம் மாறினால் வாடிக்கை என்ன ஆகும் என்ற பயம் எங்களுக்கும் இருந்தது. அதனால் ஒரு கடை மூடித் திறப்பதை நான் லேசாகப் பார்க்க மாட்டேன். விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் கோட். தோள் இறங்கினால் விட்டுவிடுங்கள். தோளைப் பிரித்தால் கை, காலர், உள்ளே இருக்கிற கேன்வாஸ், பஞ்சு எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். தள்ளுபடியில் மிச்சமானது அத்தனையும் அதற்கே போய்விடும், போன பிறகும் பழைய நேர்த்தி வராது. தோள் சரியாக உட்கார்ந்து, இடுப்பு மட்டும் லூஸ் என்றால் எடுக்கலாம், பக்கவாட்டில் பிடித்துவிடலாம். கை நீளத்தை முன்கையில் குறைக்கலாம். அங்கே நிஜமான பட்டன் ஓட்டை வெட்டியிருந்தால் மட்டும் கஷ்டம். கோட்டையும் பேண்டையும் வாசலுக்குக் கொண்டு வந்து பகல் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். கடைசி நேரத்தில் இரண்டு செட்டிலிருந்து ஒன்றாக்கி மாட்டியிருந்தால் நிறம் ஒரு மயிரிழை மாறும், டியூப்லைட்டில் தெரியாது, போட்டோவில் பளிச்சென்று தெரியும்.

பேண்டில் பின்பக்க நடுத்தையலை உள்ளே திருப்பிப் பாருங்கள். அங்கே ஒன்றரை அங்குலம் துணி விட்டிருந்தால் இடுப்பைப் பெரிதாக்க இடம் உண்டு. துணியே விடாமல் ஓரம் அடித்திருந்தால் இப்போது என்ன அளவோ அதோடு சரி. ரெடிமேட் சட்டையில் உள்ளே துணி இருக்காது, குறைக்கத்தான் முடியும், கூட்ட முடியாது. அதனால் சட்டை 42 வேண்டிய ஆளுக்கு 44 எடுத்தால் பக்கத்தில் பிடித்துத் தரலாம். 40 எடுத்துக்கொண்டு வந்தால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

அந்தத் தானை விடாதீர்கள். 58 அங்குலப் பன்னா (துணியின் அகலம்) என்றால் முழுக்கைச் சட்டைக்கு ஆளுக்கு 1.60 மீட்டர், ஐந்து பேருக்கு 8 மீட்டர். 46 போடுகிறவர் இருக்கிறார் என்றீர்கள், அவருக்காக அரை மீட்டர் கூடச் சேருங்கள். பன்னா 36 என்றால் ஆளுக்கு 2.25 முதல் 2.50 வரை ஆகும், அதனால் விலையைப் பார்க்கும் முன் பன்னாவைக் கேளுங்கள். மீட்டர் விலை குறைவாகத் தெரிகிற 36 பன்னா மொத்தத்தில் அதிகமாக வரும். பேண்டுக்கு 58 பன்னாவில் 1.20 போதும், உயரமானவருக்கு 1.30.

தானை வாங்கும் முன் முழுவதும் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். ராக்கில் ரொம்ப நாள் இருந்த துணியில் மடிப்பு விளிம்பில் டியூப்லைட் வெளிச்சம் பட்டுக் கோடாக வெளுத்திருக்கும். வெளிச் சுற்றில் மட்டும் வெளுத்திருந்தால் அந்த அரை மீட்டரைக் கழித்து வெட்டச் சொல்லலாம். உள்ளே வரைக்கும் வரிவரியாக இருந்தால் வேண்டாம். பூச்சி கடித்த பொட்டு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். கஞ்சி போட்ட துணி என்றால் ராமபாணப் பூச்சிக்கு அதுதான் தீனி. பருத்தி என்றால் வீட்டில் ஒரு ராத்திரி நனைத்துக் காயப்போட்டு அப்புறம் தைக்கக் கொடுங்கள். தைத்த பிறகு சுருங்கினால் தையல்காரன் தலையில்தான் விழும்.

வெள்ளைச் சட்டை எடுத்தால் பாலித்தீன் உறையிலிருந்து வெளியே எடுத்துக் காலர் மடிப்பையும் கை மடிப்பையும் பாருங்கள். உறைக்குள்ளேயே இருந்து மஞ்சள் பூத்திருக்கும். பிளாஸ்டிக்கிலிருந்து வருகிற ரசாயனமே அதைச் செய்யும், வெயிலோ அழுக்கோ பட வேண்டியதில்லை.

வைகாசி முகூர்த்தத்துக்கு என்றால் பங்குனிக்குள் அளவு கொடுத்துவிடுங்கள். சித்திரைத் திருவிழா சமயத்தில் எங்கள் பக்கம் நடக்கவே இடம் இருக்காது, வேலையும் நகராது.

பாண்டிபஜார்:
தான் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன், அது மொபைலில் நடக்காத காரியம். 46-உம் 38-உம் ஒரே துணியில் வேண்டுமென்றால் தைப்பதுதான் வழி. ஆனால் வெண்பட்டு வேட்டியை இந்த விற்பனையில் எடுக்க நான் சம்மதிக்க மாட்டேன். பட்டு என்று சொல்லி பாலியஸ்டர் கொடுத்தால் யாருக்குத் தெரியும்? அதுவும் பழைய ஸ்டாக்.

பழைய கவுண்டர்:
பட்டு வேட்டியில் எச்சரிக்கை நியாயம். சில்க் மார்க் அட்டை (சுத்தப் பட்டு என்பதற்கான முத்திரை) தொங்குகிறதா பாருங்கள். இல்லையென்றால் கரை ஓரத்தில் ஒரு இழை உருவித் தரச் சொல்லி வெளியே வந்து கொளுத்துங்கள். பட்டு என்றால் முடி கருகிய வாசம் வரும், சாம்பலை விரலில் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டிக் குண்டு மணியாக நிற்கும். நல்ல கடைக்காரர் தானே இழை உருவித் தருவார். ஜரிகை கறுத்திருக்கிறதா என்று மடிப்புக்குள்ளே பாருங்கள், வெளி மடிப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். சேலம் வெண்பட்டு நன்றாக மடித்து வைத்திருந்தால் ஒன்றிரண்டு வருடத்தில் ஒன்றும் ஆகாது, ஆனால் ஒரே மடிப்பில் கிடந்திருந்தால் அந்த மடிப்பில் இழை விட்டுப்போகும். விரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

பருத்தி வேட்டிக்கு ஒரே ஒரு பரிசோதனை, அளவு. எட்டு முழம் என்றால் 3.60 மீட்டராவது இருக்க வேண்டும், நாலு முழம் என்றால் 1.80. விலை மலிந்த சரக்கில் ஒரு சாண் குறைத்து மடித்திருப்பார்கள். பெரியப்பா மாதிரி வாட்டசாட்டமானவர் கட்டினால் அந்த ஒரு சாண் தெரியும். கவுண்டரில் மீட்டர் கம்பி இருக்கும்போதே அளந்து காட்டச் சொல்லுங்கள், கூச்சமே வேண்டாம்.

உசிலம்பட்டிக்காரன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஊரில் சின்னதாக ஒரு ஜவுளிக்கடை வைக்கப் போகிறேன். அந்தக் கடையில் பழைய ராக், கவுண்டர், கண்ணாடி, பொம்மை எல்லாம் விற்பார்களா? யாரிடம் கேட்க வேண்டும்?

பழைய கவுண்டர்:
தம்பி, உடனே போய் முதலாளியையோ மேனேஜரையோ நேராகப் பாருங்கள். சேல்ஸ்மேனிடம் கேட்டால் பதில் வராது. துணி தீர்வதற்குள் பேசி முன்பணம் கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் உடைக்க வருகிற காண்டிராக்டர் மொத்தமாக மர விலைக்குத் தூக்கிவிடுவார். அந்தக் காலத்துக் கவுண்டர் பலகை தேக்காக இருந்தால் இழைத்து பாலிஷ் போட்டால் இன்னும் ஒரு தலைமுறைக்கு உழைக்கும். பொம்மைகளில் ஆண் பொம்மையின் தோள் அகலம் பார்த்து வாங்குங்கள், பழைய பொம்மைகளுக்குத் தோள் குறுகல், இப்போதைய சட்டை தொங்கும். மீட்டர் கம்பி கொடுத்தால் வாங்கலாம், ஆனால் தொழிலாளர் துறையில் முத்திரை போட்ட பிறகுதான் அதை வைத்து அளக்க வேண்டும்.

இந்த இழையில் யாரும் கேட்காத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். கடை மூடியிருக்கிற மாதங்களில் கவுண்டரில் நிற்கிறவர்கள் என்ன செய்வார்கள்? நீங்கள் துணி எடுக்கும்போது யாருடைய கை மடித்துக் கொடுக்கிறதோ அவரைப் பற்றித்தான் கேட்கிறேன். தான் துணிக்கு ஆள் வேண்டும். உங்கள் தோளைப் பார்த்தே 1.60 போதாது, 1.75 வெட்டுகிறேன் என்று சொல்லத் தெரிந்த ஆள் வேண்டும். திறந்த ஸ்டாண்டுக்கு அவ்வளவு பேர் தேவைப்படாது. புதுப்பித்த பல கடைகளில் பிட் பிரிவே சுருங்கிப் போனதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது வருத்தம்தான். இன்னொரு பக்கம், பழைய கடைகளில் நாங்கள் காலையிலிருந்து இரவு வரை நின்றே வேலை பார்த்தோம், கால் நரம்பு சுருட்டிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். 2021-இல் தமிழ்நாட்டில் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் உட்கார இருக்கை கட்டாயம் என்று கொண்டு வந்தார்கள். அதைச் செய்ய இந்தச் சீரமைப்பைவிட நல்ல சமயம் கிடையாது. லிஃப்டுக்கும் ட்ரையல் ரூமுக்கும் வரைபடம் போடும்போது கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூலுக்கும் இடம் விட வேண்டும்.

கணக்குநோட்டு:
பழைய கவுண்டர் அண்ணன் எழுப்பியது முக்கியமான கேள்வி. அவர் சொன்ன அதே கடைகள் நிறுவனங்கள் சட்டத்தின் (1947-ஆம் வருடத்தது) 41-ஆம் பிரிவில், ஒரு கடையில் தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நிறுத்த முடியாது, நோட்டீஸ் இல்லையென்றால் ஒரு மாதச் சம்பளம் தர வேண்டும் என்று இருக்கிறது. கடையைப் புதுப்பிக்கிறோம், திறந்ததும் கூப்பிடுகிறோம் என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் ஊழியர்கள் அதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது அங்கே வேலை பார்ப்பவர்கள் தெரிந்தால் சொல்லிவிடுங்கள்.

மல்லிகைப்பந்தல்:
நான் வழக்கமாகத் துணி எடுக்கிற இன்னொரு கடையில் இப்படித்தான் மூடித் திறந்தபோது பாதிப் பேரைக் கிளைக் கடைக்கு அனுப்பினார்கள். என் பையன்கள் அளவை மனப்பாடமாக வைத்திருந்தவர் திரும்ப வரவே இல்லை. அவர் இருந்தவரை நான் ட்ரையல் ரூமையே தேடியது கிடையாது. வைகைக்கரை, உங்களுக்குத் துணி காட்டியவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். புதுக்கடை திறந்ததும் அவரைக் கேட்டுப் போங்கள். வாடிக்கையாளர் கேட்கிறார் என்றால் முதலாளிக்கும் அது காதில் விழும்.

வைகைக்கரை:
கேட்டு வைத்திருக்கிறேன் அக்கா. அவருக்குக் கிளையில் வேலை உறுதி என்றார், இன்னும் சில பேருக்கு ஒன்றும் சொல்லவில்லையாம். கணக்குநோட்டு எழுதியதைக் காட்டினேன், போனில் படம் எடுத்துக்கொண்டார்.

வாங்கியதைச் சொல்கிறேன். வெளிர் பச்சைத் தானில் 9 மீட்டர் எடுத்தோம், 58 பன்னாதான். பிரித்துக் காட்டச் சொன்னதும் எந்த முகச்சுளிப்பும் இல்லாமல் மேஜை முழுக்க விரித்தார்கள், வெளிச் சுற்றில் வெளுத்த பகுதியைக் கணக்கில் சேர்க்காமல் வெட்டிக் கொடுத்தார்கள். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் மாமாக்களுக்கும் எட்டு முழம், எல்லாவற்றையும் அளந்து பார்த்தோம். மாடி ராக்கிலிருந்து அப்பாவுக்கு இரண்டு சட்டை. ஒரு வேட்டியில் கரை ஓரம் நூல் பிரிந்திருந்தது, சொன்னதும் வேறு கொடுத்தார்கள். பில்லில் எம்.ஆர்.பி.யிலிருந்து தள்ளுபடி கழித்து, வரி உள்ளடக்கம் என்று போட்டிருந்தார்கள், மேலே எதுவும் வாங்கவில்லை. அளவு மாற்றம் ஏழு நாளைக்குள் என்று பின்னால் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார் மேனேஜர்.

கோட்டை விட்டுவிட்டோம், தோள் ஒரு விரல் இறங்கியது. ஊசிமுனை அண்ணே, அதைத் தைத்தே கொள்ளலாம் என்று முடிவு, பங்குனி பிறந்ததும் தம்பியைக் கூட்டிக்கொண்டு வருகிறோம். பட்டு வேட்டியில் சில்க் மார்க் இல்லை, இழை உருவித் தரத் தயங்கினார்கள். அதனால் அதையும் எடுக்கவில்லை.

திண்டுக்கல்பூட்டு:
இன்றைக்குத்தான் இழையைப் பார்த்தேன். இன்னும் சரக்கு இருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வரலாமா? எனக்கு ஆபீஸுக்குப் போட பேண்ட் மட்டும் போதும்.

ஊசிமுனை:
பேண்டுக்கு என்றால் தாராளமாக வரலாம். இன்று காலை அந்தப் பக்கம் போனேன். இரண்டாம் மாடியை ஏற்கெனவே காலி செய்து பூட்டிவிட்டார்கள், மீதியெல்லாம் முதல் மாடிக்கு இறங்கிவிட்டது. ரெடிமேட் பேண்டில் 30, 32 நிறைய கிடக்கிறது, 36 கொஞ்சம்தான். பேண்ட் பிட் இன்னும் நல்லதாக இருக்கிறது, 1.20 வெட்டின துண்டுகளுக்கு 50 சதவீதம் ஆக்கிவிட்டார்கள். ஞாயிறு வேண்டாம், கூட்டத்தில் எதையும் விரித்துப் பார்க்க விட மாட்டார்கள். வேலை நாளில் கடை திறக்கிற நேரத்துக்கு வாருங்கள். ரெடிமேட் எடுத்தால் பின்பக்க நடுத்தையலைத் திருப்பிப் பார்த்துவிட்டு பில் போடுங்கள், சத்திரத்துக்கு வந்தால் இடுப்பைச் சரிசெய்து அன்றே கொடுத்துவிடலாம்.